உயிரினங்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரின வகைப்பாடு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை என்று தேர்வுக்காக ஒப்பித்த பட்டியல்தான். அது மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. எது எதற்கு உறவு, அந்த உறவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இதில் சுவையான பகுதி. மாணவர்களும் பெற்றோரும் இயற்கை ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

உயிரினங்களை எதற்காக வகைப்படுத்த வேண்டும்?

இதுவரை விவரித்துப் பெயர் வைக்கப்பட்ட சிற்றினங்கள் மட்டும் சுமார் 20 லட்சம். அதில் ஏறத்தாழ பாதி பூச்சிகள். இவ்வளவையும் ஓர் ஒழுங்கில் வைக்காவிட்டால், ஒருவர் கண்டறிந்ததை இன்னொருவர் தேடி எடுக்கவே முடியாது.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொரு காரணம். ஓர் உயிரினத்தின் உறவு தெரிந்தால், அதைப் பற்றி இன்னும் ஆராயாத விஷயங்களையும் ஓரளவு ஊகிக்கலாம். உருளைக்கிழங்குச் செடியைத் தாக்கும் ஃபைட்டோஃப்தோரா என்ற நோய்க்கிருமியை எடுத்துக்கொள்வோம். 1840-களில் அயர்லாந்தை உலுக்கிய பஞ்சத்துக்குக் காரணமான பயிர்நோய் இதனால் வந்ததுதான். இழை இழையாக வளர்வதால் நீண்ட காலம் இதைப் பூஞ்சை என்றே நினைத்தார்கள். உண்மையில் இதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. இதன் உறவு கடலில் வளரும் பழுப்புப் பாசிகளோடு. எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துப் பூஞ்சைகளைக் கொல்லும் மருந்துகள் நிறைய உண்டு. ஃபைட்டோஃப்தோரா அந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை. அதனால் அந்த மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. உறவைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மருந்தும் தப்பாகிவிடும்.

நாம் வழக்கமாகச் சொல்லும் பெயர்களே போதாதா?

பேச்சுக்குப் போதும். உறவை அறியப் போதாது. மண்புழு, பட்டுப்புழு, நாடாப்புழு மூன்றையும் புழு என்கிறோம். மண்புழு வளைதசையுடலி. நாடாப்புழு தட்டைப்புழு. பட்டுப்புழுவோ புழுவே இல்லை, ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். இரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவின் நெருங்கிய உறவு, மரவட்டை கணுக்காலி, கடல் அட்டை நட்சத்திர மீனோடு சேர்ந்த முட்தோலி. அந்த நட்சத்திர மீனும் மீன் கிடையாது, ஜெல்லி மீனும் மீன் கிடையாது. கடல் குதிரைதான் உண்மையான மீன்.

மக்கள் உருவத்தையும், வாழும் இடத்தையும், அதனால் வரும் நன்மை தீமையையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அந்தத் தேவைக்கு அது சரியாகவே இருந்தது. ‘எது எதிலிருந்து கிளைத்தது’ என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு வழியில்தான் பதில் தேட வேண்டும்.

பழங்காலத்தில் எப்படிப் பிரித்தார்கள்?

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் விலங்குகளைச் செந்நிற இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார். இது இன்றைய முதுகெலும்பி, முதுகெலும்பற்றது என்ற பிரிவுக்கு வெகு அருகில் வருகிறது. டால்பின் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது என்று கவனித்து, அதை மீன்களோடு சேர்க்காமல் விட்டவரும் அவர்தான். அவருடைய மாணவர் தியோபிராஸ்டஸ் தாவரங்களை மரம், புதர், செடி என்று வளரும் விதத்தை வைத்துப் பிரித்தார்.

தொல்காப்பியத்தின் மரபியல் புலன்களை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் போன்றவை ஈரறிவு, கரையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. உயிர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைக் கவனித்துச் சொல்ல முடியும் என்ற எண்ணம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் இது ஏணி மாதிரியான அடுக்கு. இன்றைய உயிரியலில் ஏணி கிடையாது. மேலே, கீழே என்று எந்த உயிரும் இல்லை, எல்லாமே ஒரே மரத்தின் இன்றைய நுனிகள்.

லின்னேயஸ் செய்த பெரிய காரியம் என்ன?

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1707 முதல் 1778 வரை வாழ்ந்தவர். அவர் காலத்துக்கு முன்பு ஒரு செடியின் பெயர் என்பது அதன் இலை, பூ, காம்பு எல்லாவற்றையும் விவரிக்கும் நீளமான லத்தீன் வாக்கியமாக இருந்தது. புதிய செடி ஒன்று கிடைத்தால், அதிலிருந்து பிரித்துக் காட்ட வாக்கியத்தில் இன்னும் சில சொற்கள் சேரும். லின்னேயஸ் இரண்டே சொற்களில் பெயர் வைக்கும் முறையை எல்லா உயிரினங்களுக்கும் ஒரே சீராகப் பயன்படுத்தினார். தாவரங்களுக்கு அவர் 1753-இல் வெளியிட்ட நூலும், விலங்குகளுக்கு 1758-இல் வந்த ‘சிஸ்டெமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பும்தான் இன்றுவரை அறிவியல் பெயர்களின் தொடக்கப் புள்ளி. அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வராது.

அவருடைய பிரிவுகளில் பல நிற்கவில்லை. தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்து அவர் வகுத்தது எண்ணுவதற்குச் சுலபமாக இருந்தது, உறவைக் காட்டவில்லை. திமிங்கலத்தை 1735-இல் மீன்களோடு வைத்தவர், 1758-இல் பாலூட்டிகளுக்கு மாற்றினார். பிரிவுகள் மாறிக்கொண்டே வந்தாலும் பெயரிடும் முறை மட்டும் அப்படியே நிற்கிறது.

அறிவியல் பெயரை எப்படிப் படிப்பது?

முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் எது என்று காட்டுவது. புலி பாந்தெரா டைகிரிஸ், சிங்கம் பாந்தெரா லியோ. முதல் சொல் ஒன்றாக இருப்பதிலிருந்தே இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துவிடுகிறது. இரண்டாவது சொல்லைத் தனியாகச் சொன்னால் பொருள் வராது. இண்டிகா என்றால் எது? மாமரமும் இண்டிகாதான், புளியமரமும் இண்டிகாதான். மாஞ்சிஃபெரா இண்டிகா, டமரிண்டஸ் இண்டிகா என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

படிநிலைகள் எத்தனை? அவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

பேருலகம், உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என எட்டு முக்கியப் படிகள். தாவரங்களில் தொகுதிக்குப் பதிலாகப் பிரிவு என்பார்கள். மனிதரை வைத்துப் பார்த்தால்: மெய்க்கரு உயிரிகள் (செல்லுக்குள் உறையிட்ட உட்கரு உள்ளவை), விலங்குகள், முதுகுநாணிகள், பாலூட்டிகள், பிரைமேட்டுகள் (குரங்கினம்), ஹோமினிடே (மனிதரும் பெருங்குரங்குகளும்), ஹோமோ, ஹோமோ சேப்பியன்ஸ். கீழே வர வர உறுப்பினர் குறைவார்கள், ஒற்றுமை கூடும்.

வரிசையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கிளைகள் இயற்கையில் இருப்பவை, படிகளின் பெயர்கள் நாம் வசதிக்கு வைத்தவை. ‘இந்தக் கிளை குடும்பமா, வரிசையா’ என்று இயற்கையைக் கேட்டு முடிவு செய்ய வழியில்லை. வண்டுகளில் ஒரு குடும்பம் என்பதும் பறவைகளில் ஒரு குடும்பம் என்பதும் ஒரே வயதோ ஒரே பரப்போ உள்ளவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதனால் ‘இந்தப் பிரிவில் இத்தனை குடும்பம், அந்தப் பிரிவில் அத்தனை குடும்பம்’ என்று எண்ணி ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சிற்றினம் என்றால் சரியாக என்ன?

பள்ளியில் சொல்லித்தரும் வரையறை எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் முன்வைத்தது. இயற்கையில் தங்களுக்குள் கூடி, வளமுள்ள சந்ததியைத் தரும் கூட்டம் ஒரு சிற்றினம். மற்றக் கூட்டங்களோடு அப்படிக் கலக்காது. குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, குட்டிக்கு 63. ஒற்றைப்படையாகிவிட்ட குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாததால், கோவேறு கழுதைக்குப் பெரும்பாலும் குட்டி பிறப்பதில்லை. ஆக, குதிரையும் கழுதையும் வேறு வேறு.

இது பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. கூடாமலே பெருகும் பாக்டீரியாவுக்கு என்ன செய்வது? அழிந்துபோய்ப் புதைபடிவமாக மட்டும் கிடைக்கும் விலங்கு எதோடு கூடியது என்று எப்படிச் சோதிப்பது? தாவரங்களில் கலப்பினம் சாதாரணம். மனிதர் கதையிலேயே சிக்கல் இருக்கிறது. 2010-இல் நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய இன்றைய மக்களிடம் அவர்களுடைய டி.என்.ஏ. சிறிதளவு இருப்பது தெரிந்தது. அப்படியானால் இரு கூட்டமும் கலந்திருக்கிறது, சந்ததியும் தழைத்திருக்கிறது. ஆனாலும் எலும்பின் அமைப்பு தனித்து நிற்பதால் பெரும்பாலான ஆய்வாளர்கள் நியாண்டர்தாலைத் தனிச் சிற்றினமாகவே வைக்கிறார்கள்.

சிற்றினத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வரையறைகள் புழக்கத்தில் உள்ளன. இதைத் துறையின் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்று இரண்டாகப் பிரிவது ஒரே நாளில் நடப்பதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் நடுவில் கோடு போடச் சொன்னால் கோடு மங்கலாகத்தான் விழும்.

நாய்களில் இத்தனை வகை. எல்லாம் ஒரே சிற்றினமா?

ஆமாம். உருவம் எவ்வளவு மாறினாலும் வீட்டு நாய்கள் எல்லாம் ஒன்றுதான், சாம்பல் ஓநாயிலிருந்து பிரிந்து வந்தவை. செடிகளிலும் இப்படி உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் நான்கும் பிராசிக்கா ஒலெரேசியா என்ற ஒரே சிற்றினம். ஒன்றில் இலையையும், ஒன்றில் பூங்கொத்தையும், ஒன்றில் தண்டையும் மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் வந்த வேறுபாடு அது.

ஐந்து உலகங்கள் என்று படித்தேன். இப்போது மூன்று பேருலகம் என்கிறார்கள். எது சரி?

ராபர்ட் விட்டேக்கர் 1969-இல் மொனீரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்ற ஐந்துலக முறையைத் தந்தார். செல்லின் அமைப்பையும் உணவு பெறும் விதத்தையும் பார்த்துப் பிரித்தார். கற்றுக்கொடுக்க மிக வசதியான முறை, அதனால்தான் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது.

1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வேறு வழியில் போனார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எல்லா உயிரிலும் உண்டு. அதிலுள்ள ஆர்.என்.ஏ.-வின் எழுத்து வரிசையைப் பல உயிர்களில் ஒப்பிட்டார்கள். மீத்தேன் வெளியிடும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியா போலவே தெரிந்தும், வரிசையில் பாக்டீரியாவோடு ஒட்டவே இல்லை. நம் செல்களோடும் ஒட்டவில்லை. மூன்றாவதாக ஒரு பெருங்கிளை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதுதான் ஆர்க்கியா. 1990-இல் வோஸ் தன் சகாக்களுடன் பாக்டீரியா, ஆர்க்கியா, மெய்க்கரு உயிரிகள் என்ற மூன்று பேருலகங்களை முன்மொழிந்தார். கொதிக்கும் ஊற்றிலும் உப்பேரியிலும் மட்டும் வாழ்பவை என்று முதலில் நினைத்த ஆர்க்கியா, பெருங்கடல்களிலும் மண்ணிலும் மனிதக் குடலிலும் கூட இருக்கிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2015-இல் ஆர்க்டிக் பெருங்கடல் அடித்தட்டுச் சேற்றிலிருந்து கிடைத்த டி.என்.ஏ.-வில் லோக்கியார்க்கியா என்ற ஆர்க்கியா கூட்டம் தெரியவந்தது. மெய்க்கரு செல்களுக்கே உரியவை என்று நினைத்த சில மரபணுக்கள் அதில் இருந்தன. மெய்க்கரு உயிரிகள், அதாவது நாம் உள்பட, ஆர்க்கியாவுக்குள்ளிருந்தே கிளைத்திருக்கலாம் என்ற கருத்து இப்போது வலுத்துவருகிறது. அப்படியானால் அடிப்படைக் கிளைகள் இரண்டுதான்.

தேர்வுக்கு உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். புரிந்துகொள்வதற்கு இந்த மூன்று கட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள்.

காளான் தாவரம்தானே?

இல்லை. பூஞ்சைகள் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. செல்சுவரில் செல்லுலோஸுக்குப் பதில் கைட்டின் இருக்கிறது. பூச்சிகளின் மேலோட்டில் இருப்பதும் அதுதான். மிச்சமான சர்க்கரையை மாவுச்சத்தாகச் சேமிக்காமல், நம் கல்லீரல் செய்வது போல கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. மரபணு ஒப்பீடும் இதையே உறுதிசெய்கிறது. காளானுக்கு அருகில் உள்ளது செடி இல்லை, நாம்தான். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பூஞ்சை செல்லைக் கொல்லும் பல பொருட்கள் நம் செல்லையும் தாக்கிவிடும்.

பாசிகள் இன்னும் கலவையானவை. நீலப்பச்சைப் பாசி என்பது பாக்டீரியா. பச்சைப் பாசிகள் தாவரங்களின் நேர் உறவு. பழுப்புப் பாசிகள் முற்றிலும் வேறு கிளை.

வைரஸை எதில் சேர்ப்பது?

உயிர் மரத்தில் அதற்கு இடம் இல்லை. செல் இல்லை, ரைபோசோம் இல்லை. எல்லா வைரஸ்களுக்கும் பொதுவான ஒரு மரபணு கூடக் கிடையாது என்பதால், அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. அவற்றுக்கென்று தனிச் சர்வதேசக் குழுவும் தனி வகைப்பாடும் இருக்கின்றன. மரபுப் பொருள் டி.என்.ஏ.-வா ஆர்.என்.ஏ.-வா, ஒற்றை இழையா இரட்டை இழையா என்று பார்த்து டேவிட் பால்டிமோர் 1971-இல் கொடுத்த பிரிவு இன்றும் மிகவும் பயன்படுகிறது.

பறவைகள் டைனோசர்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

ஜெர்மனியின் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-இல் ஓர் எளிய விதியை வலியுறுத்தினார். ஒரு பிரிவு என்றால் அதில் ஒரு மூதாதையும் அதன் வழிவந்த எல்லோரும் இருக்க வேண்டும், யாரையும் விடக் கூடாது. இந்த விதியை ஊர்வனவற்றின் மேல் வைத்துப் பாருங்கள். பல்லி, பாம்பு, ஆமை, முதலை எல்லாம் ஊர்வன. ஆனால் முதலையின் நெருங்கிய உறவு பல்லி இல்லை, பறவை. இரண்டுக்கும் நான்கு அறை இதயம் உண்டு, இரண்டும் கூடு கட்டிக் குஞ்சுகளைக் காக்கும். முதலைக்கும் பல்லிக்கும் பொதுவான மூதாதையை எடுத்தால், அதன் வழிவந்தவற்றில் பறவையும் அடங்கிவிடுகிறது. பறவையை மட்டும் வெளியே நிறுத்துவது, ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளை எண்ணும்போது வெளியூர் போய் உடையும் நடையும் மாறிவிட்ட ஒரு பேரனை மட்டும் விட்டுவிடுவது போன்றது.

புதைபடிவச் சான்றும் கைகொடுத்தது. 1861-இல் ஜெர்மனியின் சுண்ணாம்புக்கல் படிவில் கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸுக்கு இறகு இருந்தது, பல்லும் இருந்தது, எலும்புள்ள நீண்ட வாலும் இருந்தது. 1996-இல் சீனாவில் விவரிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் உடலில் இறகின் தொடக்க நிலை போன்ற இழைகள் தெரிந்தன. அதன் பிறகு இறகுள்ள டைனோசர்கள் வரிசையாகக் கிடைத்தன. இரண்டு கால் இறைச்சியுண்ணி டைனோசர்களின் ஒரு கிளைதான் இன்று நம் ஜன்னலில் வந்து உட்காரும் சிட்டுக்குருவி.

இதே விதியில் மீன் என்ற பிரிவும் உடைகிறது. 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு பிடிபட்ட சீலகாந்த், சதைப்பிடிப்பான துடுப்புகள் கொண்டது. அதுவும் நுரையீரல் மீன்களும் கெண்டை, கெளுத்திக்கு இருப்பதைவிட நமக்கு நெருக்கமான உறவு. மீனைப் பிரிவாக வைத்தால் அதற்குள் தவளை, பல்லி, மனிதர் எல்லோரும் வந்தாக வேண்டும். பேச்சில் மீன் என்று சொல்வதில் தவறே இல்லை. வகைப்பாட்டில் அது ஒரு கிளையின் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றுபோல் இருந்தால் உறவு என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரே மாதிரியான சூழல் ஒரே மாதிரியான உருவத்தை உண்டாக்கிவிடும். சுறாவுக்கும் டால்பினுக்கும் ஒரே வடிவம், ஆனால் ஒன்று மீன், ஒன்று பாலூட்டி. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய கள்ளிக் குடும்பம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்கின் குடும்பம். உடைத்தால் பால் வடியும், சப்பாத்திக்கள்ளியில் அந்தப் பால் வராது. வறட்சியில் நீரைச் சேமிக்க இரண்டு குடும்பமும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

தாமரையும் அல்லியும் இன்னும் வியப்பு. லின்னேயஸே இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு பார்த்தால், அல்லி பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. தாமரையின் நெருங்கிய உறவினர் பிளேன் மரமும் மெக்கடாமியாவும். நீரில் வாழாத மரங்கள். பூக்கும் தாவரங்களை இப்படி டி.என்.ஏ. அடிப்படையில் மறுபடி அடுக்கும் பெருமுயற்சியின் முதல் வடிவம் 1998-இல் வந்தது, நான்காவது 2016-இல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. துளியும் ஒற்றுமை தெரியாத திமிங்கலமும் நீர்யானையும் இன்று உயிரோடு இருப்பவற்றில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். முதலில் மரபணு சொன்னது. பலர் நம்பவில்லை. 2001-இல் பாகிஸ்தானில் கிடைத்த பழைய திமிங்கலப் புதைபடிவங்களில் கணுக்கால் எலும்பு இருந்தது. மான், பன்றி போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய, இரு முனையிலும் உருளை போன்ற அமைப்புள்ள எலும்பு அது. இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த பிறகு சந்தேகம் அடங்கியது.

டி.என்.ஏ. இருந்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுமா?

நிறையத் தீரும். 2003-இல் பால் ஹெபர்ட்டின் குழு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் உள்ள ஒரே மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை வைத்து விலங்குகளை அடையாளம் காணும் டி.என்.ஏ. பார்கோடு முறையை முன்வைத்தது. முட்டையோ, காலின் ஒரு துண்டோ, வெட்டிய மீன் துண்டமோ கிடைத்தாலும் எதனுடையது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் ஒரு மரபணுவின் வரலாறு அந்த விலங்கின் முழு வரலாறு ஆகாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வருவது. அலாஸ்காவின் சில தீவுகளில் உள்ள பழுப்புக் கரடிகளை அதை மட்டும் வைத்துப் பார்த்தால், மற்றப் பழுப்புக் கரடிகளைவிடத் துருவக் கரடிகளோடு போய்ச் சேரும். முழு மரபணுத் தொகுதியைப் பார்த்தால்தான், அவை பழுப்புக் கரடிகளே, என்றோ நடந்த கலப்பின் தடம் அது என்று தெரிகிறது. பாக்டீரியாக்களோ சந்ததி வழியாக மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவற்றோடும் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன. உடலமைப்பு, வளர்ச்சி, நடத்தை, புதைபடிவம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அறிவியல் பெயர்களை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

இரண்டு காரணங்கள். முதலாவது, முந்தியது வெல்லும் என்ற விதி. துளசிக்கு லின்னேயஸே 1753-இல் ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்றும் 1767-இல் ஓசிமம் சாங்டம் என்றும் இரண்டு பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒரே செடி என்று தெளிவானதும் முந்தையது நின்றது.

இரண்டாவது, உறவு பற்றிய புரிதல் மாறுவது. அகேசியா என்ற பெரிய பேரினம் உண்மையில் பல கிளைகளின் கலவை என்று தெரிந்து பிரித்தார்கள். அகேசியா என்ற பெயர் யாருக்கு என்று பெரிய விவாதம் நடந்து, 2005-இல் வியன்னா தாவரவியல் மாநாட்டில் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போனது. அதனால் கருவேலம் இப்போது வச்செல்லியா நிலோட்டிகா. பிரான்டோசாரஸ் என்ற டைனோசர் 1903-இல் அபடோசாரஸில் கரைந்து, 2015-இல் வந்த விரிவான எலும்பு ஒப்பீட்டுக்குப் பின் மறுபடி தனிப்பெயர் பெற்றது. மாற்றம் எரிச்சலூட்டும் என்பது புரிகிறது. பழைய உறவு தவறு என்று தெரிந்த பிறகும் பழைய பெயரையே வைத்திருந்தால் பெயர் பொய் சொல்லும்.

இதனால் சாதாரண மக்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

உயிரே காப்பாற்றப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு புதிர் இருந்தது. அனாஃபிலிஸ் மாக்குலிபென்னிஸ் என்ற கொசு எங்கும் இருந்தது, மலேரியாவோ சில பகுதிகளில் மட்டும் இருந்தது. 1926-இல் இத்தாலியின் ஃபல்லெரோனி அந்தக் கொசுக்களின் முட்டைகளில் உள்ள கோலங்கள் வேறுபடுவதைக் கவனித்தார். வளர்ந்த கொசுக்களைப் பார்த்துப் பிரிக்க முடியாது, முட்டையைப் பார்த்தால் தெரியும். ஒன்று என்று நினைத்தது பல சிற்றினங்களின் கூட்டம். அவற்றில் சில பெரும்பாலும் கால்நடையைக் கடிப்பவை, சிலதான் மனிதரைத் தேடி வந்து மலேரியாவைப் பரப்புபவை. எந்தக் கொசுவை, எந்த நீர்நிலையில் ஒழிக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் தெளிவாகத் திட்டமிட முடிந்தது.

ஆப்பிரிக்க யானை இன்னொரு உதாரணம். புல்வெளி யானையும் அடர்ந்த காடுகளில் வாழும் காட்டு யானையும் வேறு வேறு சிற்றினங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 2021-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முதல்முறையாக இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டது. சேர்த்து எண்ணியபோது மறைந்திருந்த அபாயம் வெளியே வந்தது: புல்வெளி யானை அழியும் நிலையில், காட்டு யானை அதைவிட மிக அபாயமான நிலையில்.

இன்னும் எத்தனை உயிரினங்கள் பெயரில்லாமல் இருக்கின்றன?

2011-இல் வெளியான ஒரு மதிப்பீடு மெய்க்கரு உயிரிகள் மட்டும் சுமார் 87 லட்சம் என்றது. வேறு மதிப்பீடுகள் இதைவிடக் குறைவாகவும் மிக அதிகமாகவும் சொல்கின்றன. பெரும்பாலான கணக்குகளின்படி நாம் பெயர் வைத்தவை சிறுபான்மை. ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை சேர்கின்றன, பெரும்பாலும் பூச்சிகள், சிலந்திகள், பூஞ்சைகள். பெயர் பெறும் முன்பே அழிந்துபோகிறவையும் இருக்கின்றன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நான் ஒரு புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தால் நானே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். பட்டமோ பதவியோ விதியில் கேட்கப்படவில்லை. ஆனால் செய்ய வேண்டிய வேலை நிறைய. அதே பேரினத்தில் ஏற்கெனவே விவரிக்கப்பட்ட எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, உங்களுடையது எப்படி வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, மூல மாதிரி என்று அறிவித்து, மற்றவர்கள் வந்து பார்க்கும்படி அருங்காட்சியகத்திலோ தாவர உலர்மாதிரியகத்திலோ ஒப்படைக்க வேண்டும். பின்னாளில் சந்தேகம் வந்தால் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மாதிரியோடுதான். விவரணையை முறைப்படி வெளியிட வேண்டும். தாவரங்களுக்கு முன்பு லத்தீனில் எழுதியாக வேண்டும். 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். பூஞ்சை என்றால் 2013 முதல் பெயரை முன்கூட்டியே பதிவு செய்து எண் வாங்க வேண்டும்.

பெயர் ஊரைக் குறிக்கலாம், நிறத்தைக் குறிக்கலாம், நீங்கள் மதிக்கும் ஒருவரைக் குறிக்கலாம். தன் பெயரைத் தானே வைப்பது வழக்கமில்லை. யாரையும் இழிவுபடுத்தும் சொல்லையும் தவிர்க்க வேண்டும். 2024-இல் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில், தென்னாப்பிரிக்காவில் வசைச் சொல்லாக இருந்த ஒன்றிலிருந்து வந்த ‘கஃப்ரா’ என்ற பின்பெயரை ‘அஃப்ரா’ என்று மாற்ற முடிவெடுத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதனால் திருத்தம் பெற்றன. ஒருமுறை வெளியான பெயரை, வைத்தவரே பிறகு பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அனுப்பும் முன் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.